ஒன்றாம் தேதி வாழ்த்து

"வாழ்த்து ஏதாச்சும் வந்துச்சா கௌசி?"

"இல்லீங்க்கா. இன்னும் போன் பேசல."

"எட்டு மணிக்கு மேலதான் பேசும். அதுவரைக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது."

திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் அந்த லைன் வீடுகளில், ஒன்றாம் தேதி காலையில் இப்படித்தான் விசாரித்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரர் யாராவது காதில் வாங்கினால், ஏதோ நல்ல சேதிக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். வாழ்த்து வராத மாதம்தான் அங்கே நல்ல மாதம்.

முன்பெல்லாம் ஊனத்துக்கு ஒரே ஒரு சான்றிதழ். ஒரு டாக்டர், ஒரு நாள், நிமிர்ந்து பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை. எத்தனை சதவீதம் என்று அவர் எழுதியதுதான் ஆயுசுக்கும். அதில் நடந்த கூத்துகளைச் சகிக்க முடியாமல்தான் காப்பு வந்தது. கையிலோ கணுக்காலிலோ மாட்டிக்கொள்ளும் சின்ன வளையம். பொய் சொல்லாது, லஞ்சம் வாங்காது, லீவு போடாது. உடம்பு என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று ராப்பகலாக எழுதும். மாதம் பிறந்ததும் அளவை ஆபீசிலிருந்து போனில் ஒரு குரல் வந்து சதவீதத்தைச் சொல்லும். அறுபதும் அதற்கு மேலும் இருந்தால் உதவித்தொகை. அறுபதுக்குக் கீழே இறங்கிவிட்டால், அந்தக் குரல் குழைந்துகொண்டு, "வாழ்த்துகள். உங்கள் குழந்தை முன்னேறியிருக்கிறது. இந்த மாதம் முதல் உதவித்தொகை தேவைப்படாது" என்னும்.

ஈஸ்வரிக்கு வாழ்த்து வந்து இரண்டு வருடமாகிறது. அவள் மகன் மனோஜுக்கு இருபது வயது. உடம்பு பயில்வான், மனசு ஆறு வயதுப் பிள்ளை. ஒரு நாள் அவன் தனியாகப் பஸ் ஏறி அவிநாசி போய், இரண்டு பன் வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையோடு திரும்பி வந்துவிட்டான். ஈஸ்வரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வரிசை முழுக்க லட்டு கொடுத்தாள். அடுத்த ஒன்றாம் தேதி குரல் பேசியது.

"லட்டு குடுத்து வாழ்த்து வாங்குனவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்" என்று இப்போதும் சொல்வாள். பஸ் ஏறத் தெரிந்த மனோஜுக்கு எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்கவில்லை. அது காப்பின் கணக்கில் வராது.

எட்டு பத்துக்குக் கௌசல்யாவின் போன் பேசியது. "தருண். தொண்ணூற்று நான்கு. மாற்றமில்லை."

"அவனுக்கென்ன, ராசா" என்றாள் ஈஸ்வரி.

தருணுக்கு எட்டு வயது. உட்கார மாட்டான், பேச மாட்டான், சோற்றைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். அவ்வப்போது வலிப்பு இழுக்கும். வீட்டில் நிரந்தர வேலையில் இருப்பது அவன் ஒருவன்தான் என்று கௌசல்யா சொல்வாள். சிரிக்காமல்தான் சொல்வாள்.

போன் அடுத்ததைச் சொன்னது. "மிதுனா. அறுபத்து மூன்று."

கௌசல்யா கத்தரியைக் கீழே வைத்தாள். பனியனைத் தைக்க மிஷின் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. தையலில் தொங்கும் பிசிறு நூலை வெட்ட மட்டும் இன்னும் மனுஷக் கைதான் மலிவு. அவள் மடியில் பாதி வெட்டிய கட்டு கிடந்தது.

"ஆகஸ்டுல எழுபதுங்க்கா. போன மாசம் அறுபத்தாறு. இப்ப இது."

"நடக்கப் பழக்கறியா?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? வாக்கரு மார்ச்சுல இருந்து பரண் மேல கெடக்குது."

உள்ளேயிருந்து மிதுனாவின் குரல் வந்தது. "எவ்வளவும்மா நானு?"

"உன்ற பாடத்தைப் பாரு."

மிதுனாவுக்குப் பதின்மூன்று. குறைமாதத்தில் பிறந்தவள். வாய் நன்றாகவே வேலை செய்யும், கால்கள்தான் இறுகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இரண்டாவது பிள்ளைக்கும் உடம்பு சரிப்படாது என்று டாக்டர் சொன்ன வாரம் அவள் அப்பா ஓசூருக்கு வேலை பார்க்கப் போனார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கௌசல்யா நான்கு வருடம் மகளை வாக்கரில் நிறுத்தி, பின்னாலேயே குனிந்து நடந்து, ஒன்று இரண்டு என்று எண்ணி, இருநூறு அடி வரை கொண்டுவந்தாள். எண்பத்தொன்றாக இருந்த சதவீதம் அறுபத்தெட்டுக்கு வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒரு வீட்டில் அறுபதுக்கு மேல் இரண்டு பேர் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவருக்கும் படி உண்டு. மிதுனா கீழே இறங்கினால் அவள் தொகை போகும். கூடவே கௌசல்யாவின் படியும் போகும். மிஞ்சுவது தருணின் பணமும் பிசிறும். அதில் வாடகை கொடுத்தால் வலிப்பு மாத்திரை இல்லை, மாத்திரை வாங்கினால் வாடகை இல்லை.

அன்று சாயங்காலமே வாக்கரைத் துடைத்துப் பரணில் போட்டாள்.

"டாக்டர் கொஞ்ச நாள் ஓய்வு குடுக்கச் சொன்னாங்க கண்ணு."

"எந்த டாக்டரு?"

"பெரிய டாக்டரு."

நினைத்தது போலவே கால் மறுபடி இறுகியது. ஜூலையில் எழுபது வந்தது. அன்றைக்குக் கௌசல்யா அரைக் கிலோ கோழி எடுத்தாள். பிள்ளைகளுக்குப் போட்டாள். தன் பங்கையும் எடுத்து மிதுனா தட்டிலேயே போட்டாள்.

*

பதினொன்றே காலுக்கு ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கட்டு வண்டி வரும். டிரைவர் இல்லாத வண்டி. தெருமுனையில் பத்தே நிமிடம் நிற்கும்; வெட்டிய கட்டைப் போட்டுவிட்டுப் புதுக் கட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் தாமதமானாலும் முகம் பார்க்காமல் போய்விடும், முகம் இல்லாத வண்டிதானே. அதனால் கௌசல்யா பதினொன்றுக்கே போய் வரிசையில் நிற்பாள்.

அன்று திரும்பி வரும்போது ஈஸ்வரி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கௌசி, ஒத்தச் செருப்புல வர்றே?"

கௌசல்யா குனிந்து பார்த்தாள். இடது காலில் செருப்பு இல்லை.

"எங்கியோ கழண்டுருச்சுங்க்கா."

"கழண்டது தெரியலியா?"

"யோசனைல வந்துட்டேன்."

"யோசனைல தாலியத் தொலைச்சவ உண்டு, செருப்பைத் தொலைச்சவளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று ஈஸ்வரி முறத்தைத் தட்டினாள். கௌசல்யா திரும்பிப் போய், சாக்கடை ஓரத்தில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். மாட்டும்போது கையால் பிடித்துத்தான் மாட்ட வேண்டியிருந்தது.

மாத நடுவில் அளவை ஆபீசிலிருந்து முபீனா வந்தாள். காப்புகளைச் சோதிக்கிறவள். கெட்டவள் இல்லை, தருணுக்கு எப்போதும் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து, தானே பிசைந்து ஊட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

"மிஷின் கெட்டுப்போச்சா பாரு முபீனா. இவ நடக்கறதே இல்ல. கக்கூஸுக்குக்கூட நாந்தான் தூக்கிட்டுப் போறேன்."

முபீனா மிதுனாவின் கணுக்காலில் இருந்த காப்பில் தன் கருவியை ஒட்டினாள். பார்த்தாள். மறுபடி ஒட்டினாள்.

"கெடலீங்க்கா. இது அடியை மட்டும் எண்ணறதில்ல. தசை தானா இறுகி தானா விடுதான்னு பாக்கும். உங்க பொண்ணுக்கு விடுது. நல்லா விடுது."

"கழட்டி வெச்சா?"

"நாடி விட்டுப்போச்சுன்னா அன்னிக்கே ரத்துங்க்கா. மேட்டுப்பாளையத்துல ஒருத்தர் ஆட்டுக்குக் கட்டி விட்டாரு. ஆடு தாவித் தாவி, அவரு பையனுக்குப் பத்து சதவீதம்னு வந்துச்சு."

மிதுனா சிரித்தாள். கௌசல்யா சிரிக்கவில்லை.

"நானா எழுதறேன்? அது எழுதுது, நான் கையெழுத்துப் போடறேன். இந்த மாசமும் இப்படியே போனா அறுபதுக்குக் கீழதான் வரும். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது." முபீனா எழுந்தவள், நின்றாள். "உங்க பட்டையக் காட்டுங்க."

படி வாங்குகிறவர்கள் இடுப்பில் ஒரு பட்டை கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்கினோம், எத்தனை மணி நேரம் பார்த்துக்கொண்டோம் என்று அது எழுதும். முபீனா அதைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"ஒரு நாளைக்கு நாப்பத்தேழு தடவை தூக்கறீங்க. போன வருசம் இருபதுதானே?"

"தூக்கறதுக்குத்தானே படி."

"இடது கால்ல மரமரப்பு ஏதாச்சும் இருக்குங்களா?"

"பட்டை அதையெல்லாம் சொல்லுமா?"

"எல்லாம் ஒரே மிஷின்தாங்க்கா. கால்ல கட்டினாக் காப்பு, இடுப்புல கட்டினாப் பட்டை. எங்க கட்டினாலும் உடம்பைத்தான் படிக்கும்."

"ஒண்ணுமில்ல. கீழ உக்காந்தே வேலை பாக்கறதுல புடிச்சுக்குது."

முபீனா போனதும் கௌசல்யா யோசித்தாள். தசை தானாக விடுகிறதென்றால், மகள் கட்டிலில் இருந்து தரைக்கு இறங்குவதில்தான் விடுகிறது. தரையில் நகர்ந்து தண்ணீர் எடுக்கப் போவதில்தான் விடுகிறது. அதையும் நிறுத்த வேண்டும். அன்றிலிருந்து தண்ணீர்ச் செம்பு கட்டிலருகே வந்தது. தரையில் நகர்வது நின்றது. எல்லாவற்றுக்கும் தூக்கினாள்.

"எதுக்கும்மா சும்மாச் சும்மா தூக்கறே? கனமா இல்லியா?"

"நீ பூ மாதிரி சாமி."

"நாப்பத்தொரு கிலோப் பூ."

"வாயை மூடிட்டுக் கழுத்தைப் புடி."

மிதுனா கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். வாக்கர் பரணுக்குப் போனதிலிருந்து அவள் வீட்டிலிருந்தேதான் படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் லிஃப்ட் இல்லை, ஜூனில் தான் எங்கே போவது என்று அந்த வருடம் முழுக்க அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதை விட்டிருந்தாள். அவள் அடங்கிவிட்டாள் என்று கௌசல்யா எடுத்துக்கொண்டாள்.

*

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி காலை. கக்கூஸ் லைன் வீடுகளின் கடைசியில் இருக்கிறது, மூன்று படி இறங்கிப் போக வேண்டும். மகளைத் தூக்கிக்கொண்டு கௌசல்யா இரண்டாவது படியில் இடது காலை வைத்தாள். வைத்ததாகத்தான் நினைத்தாள். பாதம் மடங்கிக்கொண்டது. படி எங்கே இருக்கிறது என்று அவள் காலுக்குத் தெரியவில்லை.

விழும்போது, பிள்ளை அடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு விழுந்தாள். இடுப்பில் யாரோ கடப்பாரையை இறக்கியது போல இருந்தது. கண்ணைத் திறந்தபோது எதிரே இரண்டு கால்கள் தெரிந்தன. ஒல்லியான, லேசாக உள்பக்கம் திரும்பிய கால்கள். இடது கணுக்காலில் காப்பு.

மிதுனா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை சுவரில்.

"ஆடாதம்மா. அப்படியே கெட."

சொல்லிவிட்டு, சுவரைத் தடவித் தடவி மூன்று படியும் ஏறி, ஐந்து வீடு தாண்டி நடந்து போய், ஈஸ்வரியின் கதவைத் தட்டினாள். ஈஸ்வரி கதவைத் திறந்ததும், வாசலில் நிற்பவளைப் பார்த்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல், "நீ எப்படி வந்தே?" என்றாள்.

"நடந்துதான். அம்மா விழுந்துட்டாங்க. மனோஜண்ணனக் கூப்புடுங்க."

மனோஜ் வந்து கௌசல்யாவைக் கட்டு தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டான். ஈஸ்வரி ஆட்டோ சொல்லப் போனாள். வீட்டில் தாயும் பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். தருண் எச்சில் வழிய விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பருந்து?" என்றாள் கௌசல்யா.

மிதுனா தம்பியின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள். "ஆடி நோம்பிக்குத் தூரி கட்டி ஆடுனாங்கல்ல, ஈஸ்வரியம்மா வீட்டு முன்னாடி. என்னையும் உக்கார வெச்சியே. அப்பத் தரையை உந்திப் பாத்தேன். காலு சொன்னபடி கேட்டுச்சு. நீ உடனே எறக்கிட்டே."

"அதுக்கு?"

"அடுத்த வாரம் தருணுக்கு இழுத்துச்சு. நீ வண்டிக்குப் போயிருந்தே. மல்லாக்கக் கெடக்கறான், வாயெல்லாம் நுரை. நான் தரையில கெடக்கறேன். கத்தினேன், யாரும் வரல. கட்டிலைப் புடிச்சு எந்திரிச்சேன். எந்திரிக்க முடிஞ்சுது. அவனைப் பக்கவாட்டுல திருப்பினேன். அவ்வளவுதான். அப்புறம் தெனமும் நீ வண்டிக்குப் போறப்ப எந்திரிச்சு அவனைப் புரட்டிப் போடுவேன். முதுகு புண்ணு ஆறிப்போச்சுன்னு நீகூடச் சொன்னியே."

கௌசல்யாவுக்கு நினைவிருந்தது. புது எண்ணெய்தான் காரணம் என்று அவள் ஈஸ்வரியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"ஏங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா நிறுத்தியிருப்பே."

"பணம் போயிரும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். முபீனாக்கா வர்றப்ப நானும் இங்கதானம்மா இருக்கேன். ரெண்டு பேரும் என்ற காலைப் பாத்தே பேசுவீங்க. மூஞ்சியைப் பாக்க மாட்டீங்க." மிதுனா பரணை அண்ணாந்து பார்த்தாள். "அந்தப் பெரிய டாக்டரை நான் ஒரு நாளும் பாத்ததில்லியேம்மா."

வெளியே ஆட்டோ வந்து நின்றது.

*

பெரியாஸ்பத்திரியில் நிஜ டாக்டர் ஒருத்தி, சின்ன வயதுக்காரி, படத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள்.

"முதுகெலும்புல இந்த எடத்துல வட்டு பிதுங்கி நரம்பை அமுக்குது. ஒரு நாள்ல வந்ததில்லம்மா. மாசக்கணக்கா கனம் தூக்கியிருக்கீங்க. பாதம் தொங்கறதே அதனாலதான். செருப்பு கழண்டா தெரியாதே?"

"தெரியாதுங்க."

"ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிக்கிட்டா பாதத்துக்கு உயிர் வர வாய்ப்பிருக்கு. செலவு இல்ல. அதுக்கு மேல தள்ளிப்போட்டா வராது. அதுவரைக்கும் வாக்கர் வெச்சுத் தெனமும் கொஞ்சம் நடக்கணும். படுத்தே இருந்தா உள்ளதும் போயிரும். இனிமே யாரையும் தூக்கக் கூடாது."

"யாரையுமேங்களா?"

"பூனைக்குட்டியக்கூட."

நவம்பர் ஒன்றாம் தேதி எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணிக்குத் தருண் தொண்ணூற்று நான்கு. பிறகு குரல் குழைந்தது.

"மிதுனா. ஐம்பத்தேழு. வாழ்த்துகள். உங்கள் குழந்தை..."

"போதும், போதும்" என்று போனைத் திருப்பி வைத்தாள் ஈஸ்வரி. திருப்பி வைத்த போன் மறுபடி பேசியது. இந்தத் தடவை குழையாத குரல்.

"கௌசல்யா, பராமரிப்பாளர். உங்கள் பட்டையின் பதிவுப்படி அளவு அறுபத்தொன்று. இம்மாதம் முதல் நீங்கள் உதவித்தொகைக்குத் தகுதி பெறுகிறீர்கள். பராமரிப்பாளராக நீடிக்க இயலாது."

மனோஜ் மட்டும், "அறுவத்தொண்ணு பாஸா?" என்று கேட்டான்.

"பாஸுடா" என்றாள் ஈஸ்வரி. பிறகு கௌசல்யாவைப் பார்த்து, "மக எறங்கின எடத்துல அம்மா ஏறி உக்காந்துட்டியே" என்றாள்.

மறுநாள் வந்த முபீனா கருவியை ஒட்டாமலே பேசினாள். அவளுக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

"கூட்டிக் கழிச்சுப் பாத்தா வீட்டுல அறுபதுக்கு மேல ரெண்டு பேரு அப்படியேதான் இருக்கீங்க. தொகை குறையாதுங்க்கா. படியும் உண்டு. ஆனா உங்களுக்கில்ல, வேற யாராச்சும் பெரியவங்க பட்டை கட்டணும். வெளியாளா இருந்தாலும் சரி."

"எனக்குக் கட்டு" என்றாள் ஈஸ்வரி.

"நீங்களா?"

"ஏன், என்ற இடுப்பு பத்தாதா? மனோஜும் கூட வருவான். அவன் தூக்குனாத் தருணு சிரிக்கறான், நீ பாத்ததில்ல. பட்டை எம்பேருல, படி பாதி எனக்கு, பாதி கௌசிக்கு. ரெண்டு அடுப்பு எதுக்கு, ஒரே அடுப்புல பொங்கிக்கலாம்."

"இதெல்லாம் நான் காதுல வாங்கலீங்க" என்று முபீனா ஈஸ்வரியின் இடுப்பில் புதுப் பட்டை ஒன்றைக் கட்டினாள். கட்டிவிட்டுக் கௌசல்யாவிடம் வந்தாள். "உங்க பட்டை இனிமே உங்களுக்குக் காப்பு, இடுப்புலயே இருக்கட்டும். இன்னொண்ணுங்க்கா. ஆபரேஷன் பண்ணிப் பாதம் சரியாச்சுன்னா உங்க அளவு எறங்கும். எவ்வளவுன்னு சொல்லத் தெரியல. அறுபத்தொண்ணுல இருந்து எறங்க எவ்வளவு வேணும்."

"புரியுது."

"சொல்லலைன்னு சொல்லக் கூடாதில்லீங்களா."

கௌசல்யாவுக்கு இது நன்றாகவே புரிந்தது. நான்கு வருடம் மகளின் காலை எண்ணியவளுக்குத் தன் காலை எண்ணத் தெரியாதா என்ன. ஒரு பாதம் தொங்கினால் வாடகை தடையில்லாமல் போகும், மாத்திரை வரும், மகள் ஜூனில் மாடி ஏறுவாள். ஒரு பாதம்தானே. உட்கார்ந்து பிசிறு வெட்டப் பாதம் எதற்கு. வாழ்க்கையில் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறாள். இவ்வளவு மலிவாக எதுவும் படிந்ததில்லை.

"தை முடியட்டும், ஆபரேஷனை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் ஈஸ்வரியிடம்.

"டாக்டரு ரெண்டு மாசம்னாங்களே."

"சொல்லுவாங்க."

மிதுனா பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கத்தையும் திருப்பவில்லை.

*

நவம்பர் முப்பதாம் தேதி சாயங்காலம். கௌசல்யா கட்டிலில் சாய்ந்துகொண்டு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அப்படித்தான். ஆஸ்பத்திரியில் சொன்ன நடையை அவள் தொடங்கவே இல்லை. வாக்கர் வாங்கக் காசில்லை என்று ஈஸ்வரியிடம் சொல்லியிருந்தாள். பரணில் இருப்பதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

மனோஜ் நாற்காலி போட்டு ஏறி, பரணைத் துழாவினான். பழைய பாத்திரம், கோணி, மின்விசிறி இறக்கை. கடைசியில் வாக்கரை இறக்கினான்.

"எதுக்குடா அது?"

"மிது கேட்டா" என்றான்.

மிதுனா சுவரைப் பிடித்து நடந்து வந்து தரையில் உட்கார்ந்து, வாக்கரை மடியில் சாய்த்துக்கொண்டாள். ஒவ்வொரு காலிலும் ஒரு பொத்தான், அதன் மேலே வரிசையாக ஓட்டைகள். அவளுடைய உயரத்துக்கு வைத்திருந்தது. பொத்தானை அழுத்திக் காலை இழுத்தாள். துரு பிடித்திருந்தது. மனோஜ் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டான். நான்கு கால்களையும் ஐந்தைந்து ஓட்டை மேலே ஏற்றினாள். எழுந்து, அதைத் தன் இடுப்போடு ஒட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் ஒரு ஓட்டை ஏற்றினாள். கட்டிலுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"எந்திரி."

"எதுக்கு?"

"நட. ஆபரேஷனுக்கு முன்னாடி காலை விட்டுரக் கூடாதாம். போன் பண்ணிக் கேட்டேன். பன்னெண்டாந்தேதிக்கு டோக்கனும் போட்டாச்சு. ஈஸ்வரியம்மா உங்கூட இருப்பாங்க, நானும் மனோஜண்ணனும் தருணைப் பாத்துக்குவோம்."

கௌசல்யா ஈஸ்வரியைப் பார்த்தாள். ஈஸ்வரி தருணுக்குப் புகட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

"நான் தையிக்கு அப்புறம்னு சொன்னேனே."

"நானும் கேட்டேனே."

"மாசக் கடைசிடி. இன்னிக்குப் போயி..."

"தெரியும்."

"பெரிய டாக்டரு ஓய்வா இருக்கச் சொல்லியிருக்காரு" என்று கௌசல்யா சிரிக்கப் பார்த்தாள்.

"எந்தப் பெரிய டாக்டரு?"

சிரிப்பு பாதியில் நின்றது. மிதுனா அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், காலை அல்ல.

"வாழ்த்து வந்துட்டா என்ன பண்றது, சொல்லு பாக்கலாம். வாடகைக்கு எங்க போறது?"

"தெரியலம்மா."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா தெரியல. அன்னிக்கும் தருணுக்கு இழுத்தப்ப எனக்கு என்ன தெரியும்? எந்திரிக்கத்தான் செஞ்சேன்."

தருண் புரையேறி இருமினான். ஈஸ்வரி அவன் தலையில் தட்டினாள். தெருமுனையில் மாலை வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மனோஜ் வெட்டிய கட்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.

கௌசல்யா மடியிலிருந்த பனியனை ஒதுக்கினாள். கைப்பிடியைப் பற்றினாள். மகளின் கை பட்டுப் பட்டு ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. எழுந்தாள். இடது பாதம் தரையில் ஈரத்துணி போலக் கிடந்தது. அதை இடுப்பிலிருந்து தூக்கித்தான் முன்னால் போட வேண்டியிருந்தது.

போட்டாள்.

மிதுனா அவளுக்குப் பின்னால் போய், சுவரில் ஒரு கையும் அம்மாவின் முதுகில் ஒரு கையுமாக நின்றுகொண்டாள்.

"ஒண்ணு" என்றாள்.

கௌசல்யாவின் இடுப்பிலிருந்த பட்டையில் பச்சை விளக்கு ஒரு முறை மினுங்கி அதை எழுதிக்கொண்டது.